“படம் எப்படி?”

இரண்டே சொற்கள்தாம். ஆனால் புதிய படம் ஒன்று வெளிவந்த வாரத்தில் பள்ளிக்கூடம், அலுவலகம், தேநீர்க் கடை, பேருந்து என எங்கு சென்றாலும் இக்கேள்வி காதில் விழும். “தேவலை”, “ஒரு தடவை பார்க்கலாம்”, “முன்பாதி ஜோர், பின்பாதி இழுவை” என்று விடைகளும் உடனுக்குடன் வந்துவிடும்.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு படத்தின் வாழ்வும் வீழ்ச்சியும் பல நேரங்களில் இப்பேச்சைப் பொறுத்தே அமைகின்றன. பாலா இயக்கி, விக்ரம் நடித்த ‘சேது’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு ஆளின்றி நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த படம் அது. 1999 டிசம்பரில் மிகச் சில காட்சிகளுடன் வெளிவந்தது. பார்த்தவர்கள் பிறரிடம் சொன்னார்கள். அவர்கள் இன்னும் பலரிடம் சொன்னார்கள். கொட்டகைகள் பெருகின, படம் நூறு நாள்களைத் தாண்டி ஓடியது.

அப்படியானால் நல்ல படத்தை வாய்மொழி எப்பொழுதும் காப்பாற்றிவிடுமா? பலர் நன்று என்பது நன்றாகத்தான் இருக்குமா? பலருக்குப் பிடித்தது உங்களுக்கும் பிடிக்குமா? இக்கேள்விகளுக்கு அறிவியல் என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

பலர் சேர்ந்தால் அறிவு பெருகுமா?

1906ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் கால்நடைக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே ஒரு கொழுத்த எருதைக் காட்டி, அதை வெட்டிச் சுத்தம் செய்தபின் இறைச்சி எவ்வளவு எடை இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். ஆறு பென்சு கொடுத்து ஒரு சீட்டு வாங்கி, அதில் தம் ஊகத்தை எழுதிப் போட வேண்டும். இறைச்சிக் கடைக்காரர்களும் உழவர்களும் எழுதினார்கள். மாட்டைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்களும் எழுதினார்கள்.

போட்டி முடிந்தபின் அந்தச் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிஞர். படிக்கக்கூடியனவாக இருந்தவை 787. அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, சரிநடுவில் நின்ற ஊகத்தைப் பார்த்தார். அது 1,207 பவுண்டு. எருதின் உண்மையான எடை 1,198 பவுண்டு. பிழை ஒரு விழுக்காடுகூட இல்லை! இதை 1907இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்டார்.

இது எப்படி நேர்ந்தது? சிலர் எடையை மிகுத்து எழுதியிருப்பார்கள். சிலர் குறைத்து எழுதியிருப்பார்கள். மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, எஞ்சியது உண்மைக்கு நெருங்கிய மதிப்பு.

இங்கு ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொருவரும் தம் ஊகத்தைத் தனித்தனிச் சீட்டில் எழுதினார்கள். யாராவது ஒருவர் மேடையேறி, “இது 1,500 பவுண்டுக்குக் குறையாது” என்று முதலிலேயே முழங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பலரும் அந்த எண்ணை ஒட்டியே எழுதியிருப்பார்கள். எல்லாருடைய பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஈடுசெய்ய எதிர்ப்பக்கம் ஆள் ஏது?

எட்டு உலகங்கள்

இனி நூறு ஆண்டுகள் கடந்து 2006க்கு வருவோம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் செய்த ஆய்வு ஒன்று ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது திரைப்படம் அன்று, பாட்டு. ஆயினும் அதன் பாடம் படத்துக்கும் பொருந்தும்.

பெயர் பெறாத குழுக்கள் பாடிய 48 பாட்டுகளைத் திரட்டி, 14,000க்கும் மேற்பட்டோரை இணையத்தின் வாயிலாகக் கேட்கச் செய்தார்கள். கேட்டவர்கள் மதிப்பெண் இடலாம். பிடித்த பாட்டை விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே காட்டப்பட்டன. மற்றவர்களை எட்டு ‘உலகங்க’ளாகப் பிரித்தார்கள். இவர்களுக்கு, தம் உலகில் ஒவ்வொரு பாட்டையும் இதுவரை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். எட்டு உலகங்களிலும் எண்ணிக்கை பூச்சியத்தில்தான் தொடங்கியது. பாட்டுகளும் அவையே.

பாட்டின் தரம் ஒன்றே வெற்றியை முடிவு செய்யுமானால், எட்டு உலகங்களிலும் ஒரே பாட்டுகள் முன்னணிக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. பிறர் கருத்தை அறியாத பிரிவில் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாட்டு, ஓர் உலகில் முதலிடத்தைப் பிடித்தது. வேறோர் உலகில் 40ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது!

தரத்துக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மிகச் சிறந்த பாட்டுகள் அரிதாகவே வீழ்ந்தன; மிக மோசமானவை அரிதாகவே எழுந்தன. ஆனால் இடைப்பட்ட பாட்டுகளின் நிலையோ, முதலில் வந்த சிலர் எதை எடுத்தார்கள் என்ற தற்செயலைப் பொறுத்ததாயிற்று. நம் படங்களில் பெரும்பாலானவையும் இந்த இடைப்பட்ட வகையைச் சேர்ந்தவைதாமே! முதல் வாரத்துப் பேச்சு சற்றே மாறியிருந்தால் வெற்றி கண்டிருக்கக்கூடிய படங்களும் தோல்விப் பட்டியலில் இருக்கலாம்.

ஒரே ஒரு பாராட்டின் வலிமை

முதலில் சொல்லப்படும் கருத்துக்கு இவ்வளவு வலிமையா என்று நீங்கள் ஐயுறலாம். 2013இல் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். செய்திகளின் கீழ் வாசகர்கள் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகளுள் சிலவற்றை எவ்வித ஒழுங்குமின்றிப் பொறுக்கி, எழுதப்பட்டவுடனே ஒரே ஒரு பாராட்டு வாக்கைத் தாங்களே இட்டார்கள். அடுத்துப் படிப்பவரும் பாராட்டு வாக்கு இடும் வாய்ப்பு 32 விழுக்காடு மிகுந்தது. ஐந்து மாத முடிவில் அக்கருத்துரைகளின் மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு கூடியிருந்தது.

ஒரு சில கருத்துரைகளுக்கு இகழ்ச்சி வாக்கு ஒன்றையும் இட்டுப் பார்த்தார்கள். பின்வந்தவர்கள் எதிர்வாக்கு இட்டு அதைச் சரிசெய்துவிட்டார்கள். பொய்யான இகழ்ச்சியைத் திருத்த நாம் முன்வருகிறோம். பொய்யான புகழ்ச்சிக்கோ தலையாட்டிவிடுகிறோம்! படம் வெளிவந்த அன்றே “சூப்பர்” என்ற முழக்கத்தைக் கிளப்ப ஏன் சிலர் பாடுபடுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதா?

யாரைக் கேட்பது?

இதுவரை ‘பலர் கருத்து’ பற்றிப் பார்த்தோம். ஆனால் எருதின் எடைக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு. படத்துக்கு அப்படி இல்லை. “படம் நன்றாக இருக்கிறதா?” என்பது ஒரு கேள்வி, “படம் எனக்குப் பிடிக்குமா?” என்பது வேறு கேள்வி. இரண்டாம் கேள்விக்குச் சராசரி உதவாது. கற்பனையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நீங்களும் கண்ணன், மீனா, செல்வம் என்ற நண்பர்களும் நான்கு படங்கள் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடுகிறீர்கள் எனக் கொள்வோம்.

நீங்கள்: 8, 4, 6, 9
கண்ணன்: 9, 8, 9, 8
மீனா: 7, 3, 5, 8
செல்வம்: 3, 8, 5, 2

நீங்கள் பார்க்காத ஐந்தாம் படம் ஒன்றுக்குக் கண்ணன் 9, மீனா 4, செல்வம் 8 இடுகிறார்கள். சராசரி 7. படத்துக்குப் போகலாமா?

பொறுங்கள். மீனாவின் மதிப்பெண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் உங்களைவிடச் சரியாக ஒன்று குறைவு. அவர் சற்றுக் கண்டிப்பானவர்; ஆனால் ரசனை உங்களுடையதே. அவர் 4 இட்டால் நீங்கள் ஏறத்தாழ 5 இடுவீர்கள். செல்வமோ உங்களுக்கு நேர் எதிர். உங்களுக்குப் பிடித்தவை அவருக்குப் பிடிப்பதில்லை. அவர் 8 இட்ட படத்துக்கு நீங்கள் 4தான் இட்டீர்கள். ஆகவே அவருடைய 8உம் உங்களை எச்சரிக்கவே செய்கிறது. எதிர் ரசனை உள்ளவரும் நல்ல வழிகாட்டிதான்! கண்ணன் எல்லாப் படத்துக்கும் 8 அல்லது 9 இடுகிறார். அவருடைய பாராட்டு தாராளமானது. ஆனால் அதிலிருந்து அறிந்துகொள்ளக்கூடியது ஒன்றுமில்லை. சராசரி 7 என்றது. உங்கள் ரசனைக் கணக்கோ 4 அல்லது 5 என்கிறது.

இந்த எளிய கணக்கையே கணிப்பொறிகள் மிகப் பெரிய அளவில் செய்கின்றன. படங்களை வாடகைக்குத் தந்துவந்த அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2006இல் ஒரு போட்டியை அறிவித்தது. வாடிக்கையாளர் ஒரு படத்துக்கு என்ன மதிப்பெண் இடுவார் என்பதைத் தன் முறையைவிட 10 விழுக்காடு துல்லியமாகக் கணித்துத் தருவோருக்குப் பரிசு 10 லட்சம் டாலர். சுமார் 4,80,000 பேர் 17,770 படங்களுக்கு இட்ட 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை ஆய்வுக்குத் தந்தது. அந்தப் 10 விழுக்காட்டை எட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன! 2009இல் எழுவர் அடங்கிய குழு ஒன்று 10.06 விழுக்காடு முன்னேற்றம் கண்டு பரிசைப் பெற்றது. தாராளக்காரர் யார், கண்டிப்பானவர் யார் என்று கழித்துப் பார்ப்பதும், ஒத்த ரசனையைத் தேடுவதும் அவர்கள் கையாண்ட முறைகளுள் அடங்கும்.

நாம் செய்யக்கூடியது

மேலே கண்ட கணக்கு பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மீனா தம் மதிப்பெண்ணைத் தாமே இட்டிருக்க வேண்டும். கண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவரும் 9 இட்டிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது இரண்டு கருத்துகள் அல்ல. ஒரே கருத்தின் இரண்டு படிகள். எருது முதல் கணிப்பொறி வரை எல்லாவற்றிலும் வெளிப்படும் உண்மை இதுவே: தனித்து உருவான கருத்துகள் சேரும்போதுதான் கூட்டத்துக்கு அறிவு பிறக்கிறது.

எனவே, அடுத்த முறை படம் பார்த்ததும், எவரிடமும் பேசுமுன், பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். காரணம் ஒன்றையும் ஒரு வரியில் குறியுங்கள். பிறகு தாராளமாக விவாதியுங்கள். நல்ல காரணம் கேட்டால் கருத்தை மாற்றிக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் மாறியது எது, ஏன் மாறியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிறருக்குச் சொல்லும்போது “சூப்பர்”, “மொக்கை” என்று தீர்ப்பை மட்டும் சொல்லாதீர்கள். “கதை மெதுவாக நகர்கிறது, ஆனால் நடிப்பு நிறைவாக இருக்கிறது” என்று காரணத்தைச் சொல்லுங்கள். மெதுவான கதையை விரும்புபவர் அதைக் கேட்டே படத்துக்குப் போவார், விரும்பாதவர் தவிர்த்துவிடுவார். ஒரே சொல்லால் இருவருக்கும் பயன் கிடைக்கும்.

வகுப்பில் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்க்கலாம். எல்லாரும் பார்த்த பத்துப் படங்களுக்கு ஒவ்வொருவரும் தனித்தாளில் மதிப்பெண் எழுதுங்கள். பிறகு தாள்களை ஒப்பிட்டு, உங்களோடு மிக ஒத்தவர் யார், மிக மாறுபட்டவர் யார் என்று கணக்கிடுங்கள். நெருங்கிய நண்பரே ரசனையில் வெகு தொலைவில் நிற்கலாம். இதுவரை பேசியே இராத ஒருவர், நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டிய படத்தைச் சொல்லத் தகுந்தவராக இருக்கலாம்.