நகையோடு கவனமும் அடகுக்குப் போகிறதா? – டெல்டா வயலிலிருந்து ஓர் உளவியல் அறிமுகம்

தை பிறக்க இன்னும் இரண்டு வாரம். தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். சம்பா கதிர் முற்றி, தலை சாய்ந்து நிற்கிறது. நகை கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறது. உரக்கடையில் பாக்கி. அறுப்பு இயந்திரத்துக்கு வாடகை இனிமேல்தான் புரட்ட வேண்டும். வானம் வேறு மூடிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகைச் சாவியைத் தேடுகிறார். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

"ஏங்க, நகையோட மூளையையும் சேர்த்தா அடகு வச்சீங்க?" என்று மனைவி கேலி செய்கிறார்.

அறுப்பு முடிந்து, நெல்லைப் போட்டு, காசு கைக்கு வந்துவிட்டால் அதே மனிதர் தெளிவாக இருக்கிறார். அப்படியென்றால் இடையில் அவருக்கு என்னதான் ஆனது? இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு விவசாயிகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உளவியல் என்ற துறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவும் அது நல்ல வழி.

கரும்புக் காட்டில் ஒரு சோதனை

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரின் ஆய்வு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்கேற்றார்கள். ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் சோதித்தார்கள்.

நெல்லை விட்டுவிட்டு ஏன் கரும்பு? டெல்டாவில் சம்பாவை ஊரே ஏறக்குறைய ஒரே சமயத்தில் அறுக்கிறது. கூடவே பொங்கலும் வந்துவிடும். மனத்தெளிவு காசால் வந்ததா, பண்டிகையால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கரும்பில் அப்படியில்லை. ஆலையின் அரவைத் திறனைப் பொறுத்து வெட்டும் காலம் சில மாதங்களுக்குப் பரவுகிறது. ஒரே வாரத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும். பக்கத்து வயல்காரர் கடனில் இருப்பார்.

அறுவடைக்கு முன்பு 100 பேரில் 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள்; பின்பு 4 பேர்தான். கடன் இருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13 சதவீதம்.

இரண்டு சோதனைகள் வைத்தார்கள். ஒன்று, வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் ராவன் சோதனை. அறுவடைக்கு முன்பு சராசரியாக 4.35 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் வந்தது, பின்பு 5.45. மற்றொன்று, கவனத்தை அடக்கி ஆளும் சோதனை. '5 5 5' என்று காட்டினால், எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்த்து 'மூன்று' என்று சொல்ல வேண்டும். வாய் 'ஐந்து' என்று சொல்லத்தான் துடிக்கும். இதை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது; பின்பு 131 விநாடி.

அதே ஆள், அதே மூளை. மாறியது பணமுடைதான். வேலைக் களைப்பு, சாப்பாட்டுக் குறைவு போன்ற காரணங்களையும் ஆய்வாளர்கள் பரிசீலித்தார்கள். இந்த வேறுபாட்டை அவற்றால் மட்டும் விளக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. மனம் ஒரு நேரத்தில் இவ்வளவுதான் தாங்கும். அதில் பெரும் பங்கைக் கடன் கவலை பிடித்துக்கொள்கிறது என்றார்கள்.

எல்லோரும் இதை அப்படியே ஏற்கவில்லை. ஆய்வின் புள்ளிவிவர முறை குறித்து மறுப்புகள் வந்தன. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த 2016-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சில நாள் கைக்காசு குறைவதும், ஒரு போகம் முழுக்கக் கடனில் காத்திருப்பதும் ஒன்றா என்ற கேள்வி இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இப்படிச் சோதித்து, மறுத்து, மீண்டும் சோதிப்பதால்தான் உளவியலை அறிவியல் என்கிறோம். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்ததைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்து மனத்தில் உள்ளதைச் சொல்லும் வித்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் எடை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் அதில் இருக்கின்றன.

நம் விவசாயியின் கதைக்கு மூன்று பகுதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். நெற்றிக்குப் பின்னால் இருப்பது முன்மூளைப் புறணி. திட்டமிடுவது, அவசரத்தை அடக்குவது, ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்தி வைப்பது எல்லாம் பெரும்பாலும் இதன் வேலை. பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடிக்கும். ஹிப்போகேம்பஸ் புதிய நினைவுகளைப் பதியவைக்கும்.

கவலை வந்தால் மூளையிலிருந்து கிளம்பும் உத்தரவு, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. கார்டிசால் சுரக்கிறது. பாம்பைக் கண்டு விலகி ஓடும் நேரத்தில் இது உயிர் காக்கும். ஆனால் கடன் என்பது வரப்பைத் தாண்டிப் போய்விடும் பாம்பு அல்ல. மாதக்கணக்கில் வாசலிலேயே கிடக்கும். சுரப்பு நீடித்தால் தூக்கம் கெடும். நினைவாற்றலும் நிதானமும் தடுமாறும். சாவியை வைத்த நேரத்தில் கவனம் வேறெங்கோ இருந்திருந்தால், அந்த நினைவு சரியாகப் பதிந்திருக்கவே பதிந்திருக்காது. பதியாத ஒன்றைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஒரே ஆள், ஆறு பார்வை

இப்போது சொன்னது உயிரியல் பார்வை. மனத்தின் நிகழ்வுகளை மூளை, நரம்பு, சுரப்பி வழியே அது பார்க்கிறது. ஆனால் உளவியலில் அது ஒரு வாசல் மட்டுமே.

நடத்தையியல், வெளியே தெரியும் செயலையும் அது எப்படிப் பழகியது என்பதையும் பார்க்கும். மணியோசையோடு உணவு கொடுத்துப் பழக்கினால், பிறகு ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லோவின் கதை பலருக்குத் தெரியும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அந்த இரவைக் கடந்தவருக்குப் பலத்த காற்றுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கலாம். அதுவும் பழகிய அச்சம்தான். ஸ்கின்னர் இன்னொன்றைச் சொன்னார்: பலன் தரும் செயல் நிலைக்கும். வங்கிக்குப் போவதைத் தள்ளிப்போட்டால் அன்றைக்கு மனம் லேசாகிறது. அந்த நிம்மதியே மறுபடியும் தள்ளிப்போடச் சொல்கிறது.

உளப்பகுப்பாய்வு ஃபிராய்டின் வழி. நமக்கே தெரியாத ஆசைகளும் அச்சங்களும் நம்மை நடத்துகின்றன என்பது அதன் அடிப்படை. 1922-லேயே கொல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். கடன்காரரிடம் காட்ட முடியாத கோபம் வீட்டில் பிள்ளைகள் மேல் பாய்வதை இந்தப் பார்வை 'இடமாற்றம்' என்று விளக்கும். ஃபிராய்டின் பல கருத்துகள் சோதனையில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறிதல்சார் உளவியல் கவனம், நினைவு, சிந்தனை ஆகியவற்றைப் பார்க்கும். கரும்பு விவசாயிகள் ஆய்வு இந்த வகைதான். "ஒரு போகம் போச்சு" என்பது நடந்த விஷயம். "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்பது அதற்கு மனம் சொல்லும் விளக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக்குவதே ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சையின் மையம்.

மனிதநேய உளவியல் மாஸ்லோ, கார்ல் ரோஜர்ஸ் போன்றவர்கள் வளர்த்தது. ஒருவரைக் குற்றம் சொல்லாமல், புத்தி சொல்லாமல் முழுதாகக் கேட்டாலே அவர் தன் வழியைக் கண்டுகொள்ள வாய்ப்பு உண்டு என்றார் ரோஜர்ஸ்.

சமூக-பண்பாட்டுப் பார்வை வீட்டுக்கு வெளியே வந்து கேட்கும்: நிலம் சொந்தமா, குத்தகையா? கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு எத்தனை நாள் காத்திருந்தார்? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்களா? "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாரா? வீட்டுச் செலவையும் நாற்று நடவுக் கூலியையும் சேர்த்துச் சமாளிக்கும் பெண்ணின் கவலையை யாராவது கேட்டார்களா?

ஆறில் எது சரி? பெரும்பாலான உளவியலாளர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதில்லை. வயலில் பயிர் மஞ்சளித்தால் தண்ணீரா, உரமா, பூச்சியா என்று எல்லாவற்றையும்தானே பார்க்கிறோம்?

யாரிடம் போவது?

உளவியலின் கிளைகள் பல. மனநலச் சிக்கலைக் கண்டறிந்து சிகிச்சை தருவது மருத்துவ உளவியல். குழந்தை முதல் முதுமை வரையிலான மாற்றங்களைப் பார்ப்பது வளர்ச்சி உளவியல். படிப்பு, கற்றல் தொடர்பானது கல்வி உளவியல். குழுவும் கூட்டமும் மனிதரை எப்படி மாற்றுகின்றன என்பது சமூக உளவியல். வேலையிடத்துக்குத் தொழில் உளவியல், மூளைக் காயத்தின் விளைவுகளுக்கு நரம்பு உளவியல் என்று பட்டியல் நீளும்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். சோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் அவர் வேலை. பல நேரங்களில் இருவரும் தேவைப்படுவார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

வீட்டிலும் அலுவலகத்திலும்

பணமுடைக் காலத்தில் கவனம் குறையும் என்று தெரிந்தால் சில காரியங்களை மாற்றி அமைக்கலாம். தவணைத் தேதிகளை மனத்தில் சுமக்காமல் காலண்டரில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் மாட்டலாம். நெருக்கடியின் உச்சத்தில் புதிய கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், இன்னொருவரைப் படிக்கச் சொல்லி ஒரு நாள் கழித்து முடிவெடுக்கலாம்.

அலுவலகங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. காப்பீடு, நிவாரணம், மானியம் எல்லாம் விவசாயிக்குப் பெரும்பாலும் முடை உள்ள நேரத்தில்தான் தேவைப்படுகின்றன. அப்போதுதான் நீளமான படிவத்தையும் அவர் கையில் கொடுக்கிறோம். அதைத் தப்பாக நிரப்பினால் "இவருக்கு விவரம் பத்தாது" என்று முடிவு கட்டுவது எளிது. படிவத்தைச் சுருக்குவதும், நெல்லுக்கான பணத்தைத் தாமதமில்லாமல் கணக்கில் போடுவதும் மனநலத்துக்கும் செய்யும் உதவிதான்.

மறதி மட்டும் என்றால் அறுவடையோடு போய்விடலாம். ஆனால் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, எரிச்சல், 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் தை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே பேச வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

சாவியைத் தேடுகிறவரிடம் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்து தெரிகிறது. "மூளைய எங்க வச்சீங்க?" என்பதை விட, "என்னங்க, எது மனசப் போட்டு அரிக்குது?" என்று கேட்பது உதவும்.