காட்டில் ஆறும் உடல், வீட்டில் ஏறும் காய்ச்சல்

செப்டம்பர் 24 தென்னாப்பிரிக்காவில் பாரம்பரிய தினம். அதையொட்டி வசந்தகாலப் பள்ளி விடுமுறை வரும். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொண்டு க்ரூகர் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புவது இந்தச் சமயத்தில்தான். அக்டோபர் நடுவில் அவர்களில் சிலர் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும், சிலருக்குக் கண்ணும் மஞ்சளாகியிருக்கும். "சளிக் காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் போட்டோம் டாக்டர்" என்பார்கள். ஆண்டுதோறும் இதே வாக்கியம். ஆண்டுதோறும் இதே தாமதம்.

காடு தரும் ஓய்வு உண்மை

சஃபாரி போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தூக்கம் கெட்டவர்களையும், வேலை அழுத்தத்தில் சிடுசிடுப்பவர்களையும் நானே அனுப்புகிறேன். 2013இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் குழுவினர் சிலரை ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். விளக்கு, கைபேசி எதுவும் இல்லை. பகலில் சூரியன், இரவில் நெருப்பு வெளிச்சம் மட்டும். தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் அவர்கள் உடலில் வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே சுரந்தது.

க்ரூகரின் முகாம்கள் இருட்டும் நேரத்தில் கதவை மூடி, விடியலில் திறக்கின்றன. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. செப்டம்பரில் புதர்கள் இன்னும் முழுதாகத் தழைத்திருக்காது, மழையும் பிடித்திருக்காது. யானையும் வரிக்குதிரையும் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடி வந்தாக வேண்டும். குட்டைக்கரையில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இருக்காது. அந்தக் காத்திருப்புதான் மருந்து.

ஆனால் பகல் முழுவதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் இது உடற்பயிற்சி ஆகாது. மனம் லேசாகிவிட்டது என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்புகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

"எங்களுக்கு மலேரியா வராது"

செப்டம்பர் முதல் மே வரை க்ரூகர் பகுதியில் மலேரியாக் காலம். அங்கே பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம், மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடிய வகை.

"சின்ன வயசில் ஊரில் மலேரியா வந்துபோய்விட்டது, இனி வராது." இது தவறு. அரைகுறையாகக் கிடைத்த எதிர்ப்புச் சக்தியும் சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

"நிலவேம்புக் கஷாயம் குடித்துவிட்டுத்தான் போனோம்." நிலவேம்பு, பூண்டு, பி வைட்டமின் மாத்திரை, ஹோமியோபதி உருண்டை இவற்றில் எதுவும் மலேரியாவைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை. விடுதியில் குடிக்கும் டானிக் வாட்டரில் குயினின் இருப்பது உண்மை, ஆனால் மருந்தாக வேலை செய்யும் அளவில் இல்லை. ஊரிலிருந்து குளோரோகுயின் கொண்டுவந்து விழுங்குகிறவர்களிடம் கோபம்தான் வருகிறது. இந்தப் பகுதியின் ஃபால்சிபாரம் அதற்குப் பணிவதை நிறுத்திப் பல காலமாகிறது.

"தடுப்பு மாத்திரை போட்டால் நோய் வெளியே தெரியாமல் மறைந்துவிடுமாம்." இங்கே பிறந்து வளர்ந்தவர்களே இதைச் சொல்கிறார்கள். மாத்திரை நோயை மறைப்பதில்லை, கடுமையான மலேரியா வரும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கிறது. மறைப்பது உங்கள் பாராசிட்டமால்தான். அது காய்ச்சலை இறக்கிவைக்கும், உள்ளே கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். முதல் நாள் நடந்து வந்திருக்கக்கூடிய ஒருவரை ஐந்தாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப நேர்கிறது. இருமலே இல்லாத காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கியிருப்பார்கள். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால் பதில் வராது.

"வந்து பத்து நாள் ஆகிவிட்டது, இது அந்தக் காய்ச்சலாக இருக்காது." பத்து நாளில்தான் பெரும்பாலும் வரும்! கடித்த ஏழாம் நாளுக்குப் பிறகு தொடங்கி, சிலருக்கு மூன்று மாதம் கழித்தும் வரலாம்.

உண்ணிக்குத் தீக்குச்சி வேண்டாம்

புல்லில் நடந்து உண்ணி ஒட்டிக்கொண்டால் தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் கெடுதல். நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். சில நாள் கழித்துத் தலைவலி, காய்ச்சல், நெறிகட்டி, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு என்று வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளினில் குணமாகும். ஆனால் பொருக்கைப் பார்த்தாலும் மலேரியா இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பரிசோதனை

மலேரியாவைக் கண்டறிய இரத்தத்தில் விரைவுச் சோதனையும் நுண்ணோக்கிப் பார்வையும் போதும். முதலில் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாள் மறுபடி எடுக்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகும் நான்கு வாரம், அடோவாகுவோன்–புரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மலேரியாக் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. முகாமில் இறைச்சி சுடும் அந்த இனிய மாலை நேரத்தில்தான் முழங்கால் தெரியும் கால்சட்டையோடு உட்காருகிறீர்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள், கணுக்காலுக்கும் கொசு விரட்டும் களிம்பு தடவுங்கள்.

கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இந்தப் பருவத்தில் க்ரூகருக்கு வேண்டாமே! பிலானஸ்பெர்க், மடிக்வே, ஆடோ ஆகிய இடங்களில் மலேரியா இல்லை. யானையும் சிங்கமும் அங்கேயும் உண்டு. அதையும் மீறிப் போய்வந்து யாருக்காவது காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் ஊரிலோ வேறு நாட்டிலோ இருந்தால், அங்குள்ள மருத்துவர் தாமாகக் கேட்கமாட்டார். எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை முதல் வாக்கியமாக நீங்களே சொல்லுங்கள்.