மோகினியாக வந்த சிறுமி

சார்லி சாப்ளினை அறியாதார் யார்? லண்டன் மேடைகளில் பாடிப் பிழைத்த பெற்றோருக்கு 1889-இல் பிறந்து, மேடையிலேயே வளர்ந்து, பேசாப்படத்தால் உலகையே சிரிக்க வைத்தவர் அவர். அவருடைய முதற்படம் 1914 பிப்ரவரியில் வெளிவந்தது. அதற்கு முன்னரே நம் நாட்டில் நாடக நடிகை ஒருவரின் மகள் பேசாப்படத்தில் தோன்றிவிட்டார். அவர்தாம் கமலாபாய் கோகலே.

1913 மே திங்களில் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை வெளியிட்டார். அரிச்சந்திரன் மனைவியாக நடிக்கப் பெண் எவரும் முன்வரவில்லை. உணவு விடுதியில் வேலை பார்த்த அண்ணா சாலுங்கே என்னும் ஆடவரே சேலை கட்டி நடித்தார். 'ஸ்திரீபார்ட்' நமக்கும் புதிதன்று, டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்துப் புகழ் பெற்றதைத் தமிழகம் அறியும். நல்ல குடும்பத்துப் பெண் நடிக்கலாகாது என்பதே அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்தை மீறியவர் துர்காபாய் காமத். கணவரைப் பிரிந்து, மகளை வளர்க்க வழி தேடியவருக்கு நாடகமே வாழ்வளித்தது. ஊரார் ஏசினர், அவர் அஞ்சவில்லை. அதே 1913-இல் பால்கே எடுத்த 'மோகினி பஸ்மாசூர்' படத்தில் தாய் பார்வதியாகவும், பதின்மூன்று வயது மகள் கமலா மோகினியாகவும் நடித்தனர். இந்தியத் திரையின் முதல் நடிகையர் ஒரு தாயும் மகளுமே!

பின்னர் கமலாபாய் நாடகக் குழுவினரான ரகுநாதராவ் கோகலேயை மணந்தார். இளமையிலேயே கணவரை இழந்தபோதும் மேடையை விடாமல் மூன்று மைந்தரை வளர்த்தார். மைந்தர் சந்திரகாந்த் மராத்தி மேடையிலும் திரையிலும் பெயர் பெற்றார். அவர் மகன் விக்ரம் கோகலே 'அனுமதி' படத்துக்காகத் தேசிய விருது பெற்று, 2022-இல் இதே புனேயில் மறைந்தார். நான்கு தலைமுறையாக நடிப்பே குடும்பத் தொழில்! 1980-இல் வந்த 'கஹராயி' படத்திலும் கமலாபாய் நடித்தார்.

ஆயினும் அந்தச் சிறுமியின் மோகினி ஆட்டத்தை இன்று நாம் காண இயலாது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். வெப்பத்தில் சிதையும். பழைய சுருளை அதிலுள்ள வெள்ளிக்காக அழித்தவரும் உண்டு. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,300 பேசாப்படங்களில் மிகச் சிலவே எஞ்சின. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்க்க 1964-இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியபோது, ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன.

சாப்ளினின் முதற்படம் இன்றும் இருக்கிறது. கமலாபாயின் முதற்படம் இல்லை. புகழ் நிலைக்கத் திறமை மட்டும் போதாது, காப்பாரும் வேண்டும். கோந்த்வாவில் தங்கிப் பயிலும் நண்பர்களே, காப்பகம் இருப்பது நாம் வாழும் இந்நகரில்தான். ஒருநாள் லா காலேஜ் சாலைப் பக்கம் செல்லுங்கள். நம் தமிழ்ப் பழம்படங்களையும் காக்கும் கடமை நமக்கு உண்டென்பது அப்போது விளங்கும்.