குடம்புளி மாத்திரை: குறையறது எடையா, பர்ஸா?

சம்பளம் வந்ததும் 'கார்சினியா கம்போஜியா' மாத்திரை ஆர்டர் போடுறீங்களா? பேர்தான் பெருசு. கேரளா, கன்னியாகுமரி பக்கம் மீன் குழம்புல போடுற குடம்புளிதாங்க அது!

அதுல இருக்கிற ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் கொழுப்பைக் குறைக்கும்னு சொல்லி விக்கிறாங்க. 1998-ல வெளிவந்த அமெரிக்க ஆய்வுல 135 பேருக்கு 12 வாரம் கலோரி குறைஞ்ச சாப்பாடு. கூடவே பாதிப் பேருக்கு இந்தச் சாறு, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. சாறு எடுத்தவங்க சராசரியா 3.2 கிலோ குறைஞ்சாங்க. வெறும் மாத்திரைக்காரங்க 4.1 கிலோ! அதாவது, எடையைக் குறைச்சது சாப்பாடுதான்.

மாசம் 1,000 ரூபாய்னா வருஷத்துக்கு 12,000. இந்த மாத்திரைகளால கல்லீரல் பாதிச்ச கேஸ்களும் பதிவாகியிருக்கு; அந்த ஆஸ்பத்திரி பில் தனி.

குடம்புளியைக் குழம்புல போடுங்க, காசை ஆர்.டி.யில போடுங்க.