தோட்டப் பராமரிப்புத் தொழில்: விளம்பரத்துக்கு எங்கே செலவு செய்வது?



வளைகுடாவில் பல ஆண்டுகள் பூங்கா வேலை பார்த்துத் திரும்பிய தம்பி ஒருவர் சென்ற மாதம் நமது அலுவலகத்துக்கு வந்தார். புல்தரை அமைப்பது, செடி கத்தரிப்பது, சொட்டுநீர்க் குழாய் போடுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. சொந்தமாகத் தொழில் தொடங்க 50,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் கேட்டிருந்தார். செலவுப் பட்டியலில் விளம்பரத்துக்கு மட்டும் 20,000 ரூபாய். புல் வெட்டும் இயந்திரத்துக்குக்கூட அவ்வளவு இல்லை.

"வெள்ளிக்கிழமை சந்தையில நோட்டீஸ், ஹைவேஸ் ஓரமா பிளெக்ஸ், கேபிள் டிவியில விளம்பரம். வேப்பூரைத் தாண்டாம எந்த வண்டி போகுது பாய்?" என்றார்.

"அந்த வண்டியில போறவங்களுக்கு வேப்பூர்ல தோட்டம் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

கடன் பணம் ஜமாஅத்தாரின் அமானிதம். வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதத் தவணை வந்து நிற்கும். ஆகவே, அன்று அவரிடம் பேசியதை இதுபோன்ற தொழில் தொடங்கும் எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

நமது ஆட்டுச் சந்தைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். விடியும் முன்பே ஆடு வாங்கி வண்டியேற்றிப் போய்விடுவார்கள். சென்னை - திருச்சி சாலையில் போகிறவர்களும் அப்படித்தான். கூட்டம் பெரியது, ஆனால் நமக்கு வேலை கொடுக்கும் கூட்டம் இல்லை. சாலையோரப் பிளெக்ஸுக்கு அனுமதியும் வாங்க வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியின்றி வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் வேலை கொடுப்பவர் யார்? முற்றத்தோடு புது வீடு கட்டியவர், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், நெடுஞ்சாலை ஓட்டல், பெட்ரோல் பங்க். இவர்களை ஒரு தாளில் எழுதினால் ஐம்பது அறுபது பெயர்தான் வரும். பள்ளிக்கும் ஓட்டலுக்கும் விளம்பரமே தேவையில்லை. வேலை விவரமும் கட்டணமும் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தோடு நேரில் போய் நிர்வாகியைப் பார்த்தால் போதும்.

அடுத்தது தூரம். பராமரிப்பு வேலைக்கு ஒரே வீட்டுக்கு மாதம் இரண்டு முறையாவது போக வேண்டும். நெய்வேலியில் ஒரே ஒரு வீடு கிடைத்தால் கூலியில் பாதியைப் பெட்ரோல் தின்றுவிடும். வேப்பூரில் ஒரே தெருவில் நான்கு வீடு கிடைத்தால் ஒரே நாளில் முடியும். அதனால் மாவட்டம் முழுக்கப் போகும் நாளிதழ் வரி விளம்பரத்தைவிட, ஊர்ப் பேப்பர் ஏஜென்ட் மூலம் குறிப்பிட்ட தெருக்களுக்கு மட்டும் நோட்டீஸ் வைப்பது நல்லது. மழைக்காலத்தில் நடுவதற்கு ஆட்கள் யோசிக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கொடுங்கள்.

செலவில்லாத வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவு செய்வது. கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் ஊர்களை மட்டும் காட்டலாம். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் கருத்து எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்தோ உறவினரை வைத்தோ பொய்க் கருத்து எழுத வைப்பது கூகுள் விதிக்கும் விரோதம், நமது மார்க்கத்துக்கும் விரோதம்.

இன்னொன்று வாட்ஸ்அப் பிசினஸ். நமது பல வீடுகளில் தோட்டம் இங்கே இருக்கும், பணம் அனுப்புகிறவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்கள் அவருக்குப் போனால், அவரே பக்கத்து அறை நண்பரிடம் காட்டுவார். வீட்டார் அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் படத்தில் விழவே கூடாது. ஒரு விஷயம் கவனியுங்கள்: பிராட்காஸ்ட் செய்தி உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். எண்ணைச் சேமிக்கச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிளெக்ஸ் ஒரு கோடையில் வெளுத்துவிடும். விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகள் இருக்கின்றன. பெயரும் எண்ணும் எழுதிய சிறு பீங்கான் பலகை செய்து, வீட்டுக்காரர் சம்மதித்தால் நீங்கள் பராமரிக்கும் தோட்டத்தின் முகப்பில் வையுங்கள். செடி பசுமையாக நின்றால் அது பேசும். வாடினால் அதுவும் பேசும்!

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு, 2,000 ரூபாய் நோட்டீஸால் பத்துப் பேர் அழைத்து, ஒருவர் மாதம் 1,500 ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தால், ஆண்டுக்கு 18,000 ரூபாய் வேலை. அந்தச் செலவு தகும். அழைப்பு நாற்பது வந்தும் ஒப்பந்தம் ஒன்றுகூட ஆகவில்லையென்றால் அந்த வழியை விட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் நோட்டே சொல்லிவிடும்.

அந்தத் தம்பி மறுவாரம் திருத்திய பட்டியலோடு வந்தார். விளம்பரத்துக்கு 3,000 ரூபாய். மீதியில் நல்ல இயந்திரமும் இரண்டு மாதத் தவணைக்கான கையிருப்பும். கமிட்டி கடனை அனுமதித்தது. அல்லாஹ் அவர் உழைப்பில் பரக்கத் செய்வானாக.

தொழில் கடன் கேட்க வருபவர்கள், வாடிக்கையாளர் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று எழுதிய ஒரு தாளையும் மனுவோடு கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்