பாஸ்வேர்ட்: 1234

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், பக்கத்து இலை மச்சினனின் செல்போன் சிணுங்கியது. சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் எதையோ தட்டினான்.

"என்ன மாப்ளே, ஆபீசா?"

"மில்லுல தண்ணி டேங்க் நிரம்பிருச்சு அத்தான். மோட்டாரை ஆஃப் பண்ணிட்டேன்."

மில் இருப்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி! எங்கள் வீட்டு மாடி டேங்க் நிரம்பினால், பக்கத்து வீட்டு அம்மாள் கத்தித்தான் எனக்கே தெரியும்.

"பாஸ்வேர்ட் எல்லாம் உண்டா?"

"இல்லாமலா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மெஷினோட வந்தது. ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஆள் மாறுது. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கணும்ல?"

சத்தமாகவே சொன்னான். எதிர் வரிசையில் பாயசம் உறிஞ்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குப் பூட்டுப் போட்டுத் தருவது என் பிழைப்பு. சும்மா இருக்க முடியுமா? கை கழுவுகிற இடத்திலேயே கதையை ஆரம்பித்தேன்.

2023 நவம்பர் 25. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்று ஒரு சின்ன ஊர். அங்கே குடிநீர் அழுத்தத்தைக் கவனிக்கும் பம்ப் நிலையத்தின் திரையில் திடீரென்று, 'உங்களை ஹேக் செய்துவிட்டோம்' என்று ஒரு வாசகம். கண்ட்ரோலர் இஸ்ரேல் தயாரிப்பு. அதுதான் அது செய்த குற்றம்! ஈரான் ராணுவத்தோடு தொடர்புள்ள கும்பலின் கைவரிசை என்றது அமெரிக்க அரசு. நல்லவேளை, ஊழியர்கள் கையாலேயே பம்ப்பை இயக்கிச் சமாளித்துவிட்டார்கள். பிறகு அரசாங்கம் வெளியிட்ட எச்சரிக்கையில் ஒரு விஷயம் இருந்தது. அந்த வகைக் கண்ட்ரோலர்களுக்குத் தயாரிப்பாளர் வைத்தனுப்பிய பாஸ்வேர்ட்... 1111!

"நம்ம மில்லை யாருக்கு அத்தான் தெரியும்?" என்றான் மச்சினன்.

அலிக்விப்பாவை மட்டும் யாருக்குத் தெரியும்? இன்டர்நெட்டில் மாட்டியிருக்கும் மெஷின்களைத் தேடிப் பட்டியல் போட்டுத் தருவதற்கென்றே ஷோடான் என்று ஒரு தேடுபொறி 2009-லிருந்து இருக்கிறது. திருடன் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. திறந்து கிடக்கும் கதவுகளின் விலாசம் வீடு தேடி வந்துவிடும்.

"அப்படியே வந்தாலும் நாங்க ஸ்கிரீன்ல பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

உக்ரைன்காரர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2015 டிசம்பர் 23. ஒரு மின் விநியோகக் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில், மௌஸ் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு பிரேக்கராகத் தட்டி அணைத்துக்கொண்டே போனது. ஆபரேட்டர் மௌஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று கம்பெனிகளில் இதே கூத்து. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். ஊழியர்கள் துணை மின் நிலையங்களுக்கு நேரில் ஓடிப்போய், கையால் ஸ்விட்சைப் போட்டுத்தான் வெளிச்சம் திரும்பியது. திருடர்கள் உள்ளே வந்த வழி? மாதக்கணக்கில் முன்பே ஆபீஸ் ஊழியர்களுக்கு வந்த ஈ-மெயில். கூடவே வந்த ஃபைலை யாரோ நம்பித் திறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இந்த மெஷின்கள் ஏன் இவ்வளவு ஏமாளிகள்? பிறந்த காலம் அப்படி. தொழிற்சாலை மெஷின்கள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் என்ற பாஷை 1979-ல் உருவானது. பூட்டிய அறைக்குள் ஒயருக்கு ஒயர் பேசுவதற்காக வந்தது. 'மோட்டாரை நிறுத்து' என்றால் நிறுத்தும். 'சொல்வது யார்?' என்று கேட்கத் தெரியாது. அந்த அப்பாவியைத்தான் நாம் இன்டர்நெட் என்கிற நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். ஓட்டையை அடைக்கலாமென்றால், ஆலையை நிறுத்த வேண்டும். எந்த முதலாளி சம்மதிப்பார்?

மச்சினன் முகம் லேசாக மாறியது. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். ஆஸ்திரேலியாவில் மரூச்சி என்ற இடம். அங்கே கழிவுநீர் பம்ப்புகளுக்கு ரேடியோ கண்ட்ரோல் மாட்டிய கம்பெனியிலிருந்து ஓர் ஆசாமி வேலையை விட்டார். உள்ளூர் கவுன்சிலில் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. 2000-ம் ஆண்டில், காரில் லேப்டாப்பும் ரேடியோவுமாகச் சுற்றி, பம்ப்புகளுக்குக் கள்ள உத்தரவு அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காக்களிலும் ஆற்றிலும் பாய்ந்தது. கடைசியில் போலீஸ் காரை மடக்கியது. இரண்டு வருஷம் சிறை. வெளிநாட்டுச் சதி ஏதும் இல்லை. உள்ளே இருந்தவரின் கோபம், அவ்வளவே.

"உங்க மில்லுல வேலையை விட்டுப் போனவங்க பேரையெல்லாம் நீக்கிட்டீங்களா?" என்றேன். பதில் இல்லை. வெற்றிலையை மட்டும் மென்றான்.

பஸ் ஏறும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மெஷினோடு வந்த பாஸ்வேர்டை மாற்று. ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடு. கண்ட்ரோலரை நேரே இன்டர்நெட்டில் மாட்டாதே. வெளியிலிருந்து வருபவர்கள் பாஸ்வேர்டோடு, செல்போனுக்கு வரும் எண்ணையும் கொடுத்துத்தான் நுழைய வேண்டும். பார்க்க மட்டும் தேவைப்படுபவர்களுக்குப் பார்க்க மட்டுமே அனுமதி. கையால் இயக்கும் பழக்கத்தை மறக்காதே. ஆபத்துக்கு உதவுவது அதுதான்.

பத்து நாள் கழித்து ராத்திரி போன் வந்தது. குரலில் பழைய மிதப்பு இல்லை.

"லிஸ்ட் எடுத்துப் பார்த்தேன் அத்தான். வேலையை விட்டுப் போனவங்க ஏழு பேர் இன்னும் உள்ளே இருக்காங்க. அதுல ஒருத்தர் மேனேஜரோட சண்டை போட்டுட்டுப் போனவர். பாய்லர் வரைக்கும் அவருக்கு அனுமதி இருந்துச்சு."

"ஏதாவது பண்ணியிருக்காரா?"

"இல்ல. நல்ல மனுஷன்."

மூன்று வருஷமாக அந்த மில்லையும் அதில் வேலை பார்க்கும் முந்நூறு பேரையும் காப்பாற்றியது பாஸ்வேர்ட் அல்ல. முகம் தெரியாத அந்த மனிதரின் நல்ல குணம். எல்லா மில்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

"பழைய ஆட்களை எடுத்துட்டேன். பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. பதினாலு எழுத்து!" என்றான் பெருமையாக.

"பலே! ஞாபகம் இருக்குமா?"

"அதான் கண்ட்ரோல் ரூம் மானிட்டர் மேலயே எழுதி ஒட்டிட்டேன்ல!"