மேளம் தட்டினால் பையன் பேசுவானா?

திருக்கோகர்ணம்—

குடுமியான்மலைப் பாறையில் 7-ம் நூற்றாண்டிலேயே இசையை வெட்டி வைத்த சீமை இது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை அந்த இசை பேச வைக்குமா?

வாத்தியார் ஒரு தட்டு தட்டுவார். பையன் திருப்பித் தட்டுவான். முறை வைத்துப் பேச இதுதான் பயிற்சி.

சோதனை

9 நாடுகளில் 4 முதல் 7 வயது வரை 364 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. பழகுவதில் பெரிய மாற்றம் இல்லை!

26 ஆராய்ச்சிகளை அலசிய காக்ரேன் குழுவோ, மொத்தத்தில் நிலைமை தேறலாம் என்று 2022-ல் சொன்னது. பெரிய பிள்ளைகளிடம் நடந்த சோதனை குறைவு.

உஷார்!

"பாட்டால் குணமாக்குகிறேன்" என்று பணம் கேட்டால் நம்பாதீர்கள். 2016 சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடம் இந்தப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தக்கூடாது. முதலில் அதைக் கேளுங்கள்!